ஒன்பது மான்களும் ஒரு திட்ட விலக்கமும்

ஒரு காட்டில் ஒன்பது புள்ளிமான்களும் ஒரு சிறுத்தையாரும் எழுத்து மூலமான உடன்படிக்கையின் பேரில் வாழ்ந்து வந்தார்கள். சிங்கம் எங்கே என்று கேட்காதீர்கள். இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. எல்லாக் கதைக்கும் வந்து நிற்க அதற்கு மட்டும் வேறு வேலை இல்லையா? இருக்கிறவர்களை வைத்துச் சொல்கிறேன், பேசாமல் கேளுங்கள்.

உடன்படிக்கைக்கு முன்னால் சிறுத்தையார் பசித்தபோது வருவார், அகப்பட்ட மானைத் தூக்கிக்கொண்டு போவார். அதில் மான்களுக்குப் பெரிய மனக்குறை. "சாப்பிடட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஆள் பாத்து அடிக்கிறாரே, அதுதான் வயித்தெரிச்சல்" என்று பேசிக்கொண்டார்கள். சிறுத்தையாருக்கும் வயதாகிவிட்டது. முட்டியில் வலி. துரத்திப் பிடிக்க முடியாமல் வெறும் வாயோடு திரும்பும்போது மரத்தில் இருக்கிற குரங்குகள் சிரிப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆகவே மான்களின் தலைவர் கொம்பையா போய்ப் பேசி முடித்தார். இயல்பாக இருக்கிற மானைச் சிறுத்தையார் தொடக் கூடாது. இயல்பு தப்பிய மானை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நாமெல்லாம் இயல்பானவர்கள்தானே என்று ஒன்பது பேரும் நினைத்தார்கள். ஒருவர் விடாமல் குளம்பு பதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

இயல்பு எது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. அதற்கு மரநாய் மாசிலாமணி வந்து சேர்ந்தார். டவுனில் ஒரு கல்லூரியின் புள்ளியியல் வகுப்பறைக்கு மேலே, ஓட்டுக்கூரையின் இடுக்கில் மூன்று வருஷம் குடியிருந்தவர். கீழே பாடம் நடக்கும், மேலே இவர் படுத்திருப்பார். காதில் விழுந்ததுதான் படிப்பு. கரும்பலகையை ஒருநாளும் பார்த்ததில்லை. கடைசிப் பாடம் நடக்கிற சமயத்தில் ஓடு மாற்ற ஆட்கள் வந்துவிட்டதால் அதை மட்டும் கேட்கவில்லை. "முக்கியமான பாடமா இருந்தா முதல்லயே நடத்தியிருப்பாங்க" என்பார்.

மாசிலாமணியின் முறை சுலபமானது. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் மான்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவராக இலுப்பை மரத்திலிருந்து ஓடைக்கரைவரை புல்வெளியைக் கடக்க வேண்டும். பக்கத்து மரத்தில் மரங்கொத்தி உட்கார்ந்து ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கும். எத்தனை தட்டில் கடந்தார்கள் என்று மாசிலாமணி எழுதிக்கொள்வார். பிறகு சராசரி எடுப்பார். சராசரியிலிருந்து மான்கள் பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்குப் போடுவார். அதன் பேர் திட்ட விலக்கம். சராசரிக்கு இந்தப் பக்கம் இரண்டு விலக்கம், அந்தப் பக்கம் இரண்டு விலக்கம், அதற்குள் இருந்தால் இயல்பு. தாண்டினால் சிறுத்தையார்.

மெதுவாக நடந்தாலும் தப்பு, வேகமாக ஓடினாலும் தப்பு. "வேகமா ஓடறது என்ன சார் குத்தம்?" என்று ஒரு இளவட்டம் கேட்டதற்கு, "இயல்நிலைப் பரவல்னா ரெண்டு ஓரத்துலயும் வால் இருக்கணும். உனக்கு ஒரு வால்தான்கிறதுக்காக நான் கணக்கை மாத்த முடியாது" என்று பதில் சொன்னார்.

இன்னும் இரண்டு ஷரத்து உண்டு. கண்ணால் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது, தாளில் இருப்பதே செல்லும். அப்புறம், தாளில் பேர் வந்த மானைக் கட்டிவைத்துக் கொடுக்க மாட்டார்கள். பத்து தட்டு முன்னால் ஓடவிட்டு, சிறுத்தையார் தாமே துரத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மான் என்றால் ஒரு மானம் மரியாதை வேண்டாமா என்று கொம்பையா பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய ஷரத்து அது.

மூன்று மாதம் ஓடிப்போனது. ஒன்பது மான்களும் ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஒரே மாதிரி கடந்தார்கள். ஒருவரும் வெளியே விழவில்லை. சிறுத்தையார் நண்டும் ஓணானும் தின்றுகொண்டு, இது என்ன நியாயம் என்று ஆள் அனுப்பினார். மாசிலாமணி கணக்குப் பார்த்தார். நூறு பேரில் ஐந்து பேர் வெளியே நிற்பது இயற்கை. அப்படியானால் ஒன்பது மானுக்கு மாதம் அரை மானுக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். "வரும், பொறுங்க. பரவலை நம்பணும்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த மாதம் செங்கமலத்தின் கால் போயிற்று.

செங்கமலம் கூட்டத்தில் ஒரு சாதாரண மான். பத்து தட்டில் கடக்கிறவள். கூட்டத்தில் அவளைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இருந்ததில்லை. மக்காச்சோளக் கொல்லையின் வேலிக் கம்பியில் இடது பின்னங்கால் மாட்டி, இழுத்துப் பிய்த்துக்கொண்டு வந்தாள். உயிர் பிழைத்தது. கால் வீங்கி, ஊன்ற முடியாமல் போயிற்று. அளக்கும் நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மரங்கொத்தியைக் கெஞ்சி, ஒருதடவை தட்டச் சொல்லித் தனியாகக் கடந்து பார்த்தாள். முப்பத்தேழு.

நேரே மாசிலாமணியின் பொந்துக்குப் போனாள்.

"சார், மத்தவங்க எல்லாம் வழக்கம்போல வந்து, நான் மட்டும் முப்பத்தேழு வந்தா என்ன ஆகும்?"

மாசிலாமணி உற்சாகமாக எழுந்து உட்கார்ந்தார். கணக்கு கேட்டு இதுவரை அவரிடம் ஒருவரும் வந்ததில்லை. "சராசரி பதிமூணு. விலக்கம் எட்டரை. எல்லை முப்பது. நீ வெளியே."

"கால் அடிபட்டிருக்கு சார்."

"அது காலோட விஷயம். நான் தட்டைத்தான் எண்றேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளும்மா. நீ இல்லாட்டி எல்லை பதினொண்ணரையிலேயே நின்னிருக்கும். முப்பதுவரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனது நீதான். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு இடம் பண்ணிக் கொடுத்தவ நீ. பெருமைப்படணும்."

செங்கமலத்துக்குப் பெருமைப்பட நேரமில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஏதோ ஒன்று இடறியது. நான் ஒருத்தி நொண்டினதற்கே எல்லை இவ்வளவு தூரம் நகர்ந்தது என்றால்?

"சார், என்கூட இன்னொருத்தர் முப்பத்தேழு வந்தா?"

மாசிலாமணி நகத்தால் மண்ணில் கீறினார். ஒருதடவை போட்டார், நம்பாமல் இன்னொருதடவை போட்டார். "அடடே! சராசரி பதினாறு. விலக்கம் பதினொண்ணேகால். எல்லை முப்பத்தெட்டரை. ரெண்டு பேருமே உள்ளே!"

"அப்ப ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாதா?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. சிறுத்தையார்தான் பாவம்."

செங்கமலம் மூன்று காலில் துள்ளாத குறையாக வெளியே வந்தாள். எட்டுப் பேரில் ஒரே ஒருத்தர், ஒரே ஒரு காலை வேளை, தன்னோடு மெதுவாக நடந்தால் போதும். பைசா செலவில்லாத உதவி. சொந்தபந்தத்தில் ஒருத்தர் கூடவா செய்ய மாட்டார்கள்?

முதலில் நாத்தனார் குயிலியிடம் போனாள். குயிலி முழுவதையும் கேட்டுக் கண்கலங்கினாள். "அண்ணி, உனக்காக உசுரையே கொடுப்பேன். ஆனா நொண்டச் சொல்றியே, அதுதான் யோசனையா இருக்கு."

"கணக்கு சரியா வருதும்மா. சாரே போட்டுப் பாத்துட்டார்."

"உனக்குச் சரியா வரும். நான் நொண்டற நேரத்துல நீ நல்லா நடந்துட்டா?"

அக்கா மகன் வேலப்பனிடம் போனாள். "பெரியம்மா… சே, சின்னம்மா!" என்று அவன் பதற்றத்தில் முறையையே மாற்றிக் கூப்பிட்டான். "ஓடைக்கு அந்தப் பக்கம் பொண்ணு பேசிக்கிட்டிருக்காங்க. மாப்பிள்ளை நொண்டின்னு பேரு வந்தா யாரு தருவா?" என்றான்.

சித்தப்பா முறையில் இருந்த கொம்பையாவிடமும் போனாள். அவர் கொம்பை ஒரு பக்கம் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டார். தலைவர்கள் பொறுமையாகக் கேட்டாலே காரியம் ஆகாது என்பது செங்கமலத்துக்கு அன்றைக்குத் தெரியாது.

"ஒருத்திக்காகச் சட்டத்தை வளைச்சா, நாளைக்கு ஆளுக்கு ஆள் வளைப்பாங்கம்மா. ஆனா உன்னை அப்படியே விட்டுடுவேனா? இரங்கல் தீர்மானம் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். வாசகம் பிடிச்சிருக்கான்னு இப்பவே பாத்துடு. அப்புறம் உன்னைக் கேக்க முடியாது."

செங்கமலம் படித்துப் பார்த்தாள். 'கூட்டத்தின் எல்லையை விரிவுபடுத்தியவர்' என்று இருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார். மீதி ஐந்து பேரிடமும் போனாள். ஒருத்திக்குக் குட்டி சின்னது, ஒருத்தருக்கு இடுப்புப் பிடிப்பு, மற்றவர்கள் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். மான்களுக்கு ஏது வீடு? அன்று மேயப் பிடிக்காமல் புதருக்குள் போய்ப் படுத்து, அழுதாள். கால் வலிக்கு அழாதவள், எட்டுப் பேரில் ஒருத்தர்கூடத் தனக்கு இல்லையே என்று வாய்விட்டு அழுதாள்.

அளப்பதற்கு முந்தைய நாள் மத்தியானம் தண்ணீருக்குப் போகிற வழியில் மூங்கில் புதருக்குப் பின்னால் சருகுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். குயிலி நொண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வேலப்பன் நொண்டிக்கொண்டிருந்தான். இடுப்புப் பிடிப்புக்காரர் நொண்டினார், சின்னக் குட்டிக்காரி நொண்டினாள். ஏழு பேரும் வட்டமாக, இடது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நொண்டினார்கள். நடுவில் கொம்பையா நின்று, "குயிலி, காலை இன்னும் இழுக்கணும். வேலப்பா, முகத்துல வலி தெரியலை" என்று திருத்திக்கொண்டிருந்தார்.

செங்கமலம் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஒருத்தரைக் கேட்டேன், எட்டுப் பேர் வந்திருக்கிறார்களே! இவர்களைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டேனே! கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. தான் பார்த்தது தெரிந்தால் அவர்கள் கூச்சப்படுவார்கள் என்று சத்தம் போடாமல் திரும்பிப் போனாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

காலையில் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். 'நடையின் தன்மை' என்ற இடத்தில் செங்கமலத்தைத் தவிர எட்டுப் பேரும் 'நாள்பட்ட நொண்டல்' என்று எழுதியிருந்தார்கள். அவள் மட்டும் 'சமீபத்திய அடி, ஆறிவிடும்' என்று உள்ளதை எழுதினாள். படிவத்தின் அடியில், பொய்த் தகவல் தருகிறவர் குடும்பத்தோடு காட்டைவிட்டு வெளியேற்றப்படுவார் என்று பொடி எழுத்தில் இருந்தது. எல்லோரும் அதன் மேலேயே குளம்பைப் பதித்தார்கள்.

செங்கமலம் முன்னால் நின்ற குயிலியின் காதருகே போனாள். "குயிலி, நீங்க பண்றதை ஏழு பிறவிக்கும் மறக்க மாட்டேன்."

குயிலி திரும்பிப் பார்த்தாள். "என்ன பண்றதை?"

"எனக்காக எல்லாரும் நொண்டறீங்களே."

"உனக்காகவா?" குயிலிக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. "நீ என்னை மட்டும் கேட்டிருந்தா பேசாம இருந்திருப்பேன் அண்ணி. எட்டுப் பேரையும் கேட்டியே! மத்த ஏழு பேரும் பாசத்துல சரின்னு சொல்லியிருந்தா, நான் ஒருத்தி மட்டும் வேகமா ஓடி அந்தப் பக்க வாலுக்குப் போயிடுவேனே. அந்த பயத்துல தனியா நொண்டிப் பழகலாம்னு மூங்கில் பக்கம் போனேன். போனா, எனக்கு முன்னாலேயே ஏழு பேர் அங்க நொண்டிக்கிட்டிருக்காங்க. எல்லாரும் முள்ளு குத்திடுச்சுன்னாங்க."

செங்கமலம் தன் இடத்துக்குத் திரும்பினாள். பாசமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆனாலும் சரி, எதற்காக நொண்டினால் என்ன, உயிர் தப்பினால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மரங்கொத்தி தட்ட ஆரம்பித்தது. குயிலி போனாள். அறுபது. வேலப்பன், அறுபது. இடுப்புப் பிடிப்புக்காரர், ஐம்பத்தொன்பது. அடுத்தவர்கள் அறுபது, அறுபது, அறுபது, அறுபத்தொன்று. செங்கமலத்தின் முப்பத்தேழுக்குக் குறைந்துவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதையில் கொம்பையாதான் அறுபது என்று நிர்ணயம் செய்திருந்தார். தலைவர் என்பதால் அவர் மட்டும் ஐந்து கூடுதலாக நொண்டி, அறுபத்தைந்தில் கரை சேர்ந்தார். பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும், அப்படி ஒரு நொண்டல். கடைசியில் செங்கமலம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே வலித்த காலை இழுத்துக்கொண்டு கடந்தாள். முப்பத்தேழு.

மாசிலாமணி மண்ணில் கீறிக் கூட்டினார். "சராசரி ஐம்பத்தெட்டு. விலக்கம் ஏழரைக்குக் கொஞ்சம் மேலே. கீழ் எல்லை நாப்பத்து மூணு." நிமிர்ந்து பார்த்தார். "செங்கமலம், நீ வெளியே. மிகை வேகம்."

"வேகமா?" செங்கமலத்துக்கு முதலில் புரியவில்லை. "சார், இந்தக் கூட்டத்துலேயே நிஜமா நொண்டறவ நான் ஒருத்திதான் சார்! காலைப் பாருங்க, சீழ் வெச்சிருக்கு!"

"நிஜமான்னு படிவத்துல ஒரு இடம் இல்லையேம்மா" என்றார் மாசிலாமணி. அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

எட்டுப் பேரும் வானத்தைப் பார்த்தார்கள். கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டு இரங்கல் தீர்மானத்தை எடுத்தார். நல்ல காலுள்ள எட்டு மான்கள் நொண்டி என்று உள்ளே நிற்க, கால் போன தான் ஓட்டக்காரி என்று சாகப்போவதை நினைத்தபோது செங்கமலத்துக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

சிறுத்தையார் மெதுவாக வந்தார். நான்கு மாதப் பசி. "இந்தத் தடவையாவது இருக்கா?" என்று கேட்டு, மாசிலாமணி கொடுத்த தாளை வாங்கித் தள்ளிப் பிடித்துப் படித்தார். படித்துவிட்டுச் செங்கமலத்தைப் பார்த்தார்.

"கால் வீங்கியிருக்கே."

"அது கண்ணால பாக்கறது, ஐயா" என்றார் மாசிலாமணி. "ஷரத்து இருக்கு."

"ஆமாமா, மறந்துட்டேன்." மறுபடியும் தாளைப் படித்தார். "சராசரியைவிட ரெண்டேமுக்கால் விலக்கம் வேகம்னு போட்டிருக்கீங்க. அப்படின்னா எவ்வளவு வேகம்?"

"ஆயிரத்துல மூணு பேருக்கு மேல இவ்வளவு வேகம் வராதுங்க."

சிறுத்தையாரின் மீசை தொங்கிப்போயிற்று. "இதை நான் துரத்திப் பிடிக்கணுமா? பத்து தட்டு முன்னால விட்டுட்டா? என் முட்டியை வச்சுக்கிட்டு? சும்மா போற மானையே பிடிக்க முடியாமதான் நான் உங்க உடன்படிக்கைக்கே வந்தேன். மேல பாருங்க, குரங்குங்க இப்பவே இடம் பிடிச்சு உக்காந்திருக்கு."

'இல்லை ஐயா, நான் நிஜமாகவே நொண்டி' என்று சொல்லச் செங்கமலம் வாயைத் திறந்தாள். சட்டென்று மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையிலேயே வேகமாகச் செய்த காரியம் அதுதான்.

"எனக்கு வேண்டாம்" என்றார் சிறுத்தையார். "வேற வழி இருக்கா?"

மாசிலாமணி யோசித்தார். ஓட்டுக்கூரைக் காலத்தில் கேட்ட ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. "ஒரேயடியா விலகிப்போன எண்ணை எடுத்து வெளியே வச்சுட்டு, மிச்சத்துக்குத் திரும்பவும் கணக்குப் போடலாம்னு சொல்லுவாங்க." செங்கமலத்தின் முப்பத்தேழை மண்ணிலிருந்து அழித்தார். "இப்ப எட்டுப் பேர். சராசரி அறுபதரைக்குச் சித்தே மேலே. விலக்கம் ஒண்ணேமுக்கால். எல்லாரும் ஒத்துமையா நொண்டினதால விலக்கம் நல்லாச் சுருங்கிடுச்சு. மேல் எல்லை அறுபத்து நாலு." நிறுத்தினார். "தலைவரே, நீங்க அறுபத்தஞ்சு."

கொம்பையாவின் வாயிலிருந்து தீர்மானம் கீழே விழுந்தது. "மாசிலாமணி, ஒரு தட்டுதானே?"

"ஒரு தட்டுதான், தலைவரே. ரெண்டரை விலக்கம்."

சிறுத்தையார் புதுத் தாளைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "காட்டிலேயே மெதுவான மான்! இது என் முட்டிக்குத் தோதானது. மரங்கொத்தி, பத்து தட்டு விடப்பா."

தட்டு ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு. பத்து தட்டில் கொம்பையா அந்தப் புல்வெளியைத் தாண்டி ஓடைக்கு அந்தப் பக்கம் போயிருப்பார். அது அவருக்கும் தெரியும், கூட்டம் முழுவதற்கும் தெரியும். ஆனால் ஓடினால், 'நாள்பட்ட நொண்டல்' என்று குளம்பு பதித்தது பொய் என்றாகிவிடும். குடும்பத்தோடு வெளியேற்றம். அவர் குடும்பம் என்றால் வரிசையில் நின்ற அத்தனை பேரும்தான். அவர்கள் படிவமும் அந்த லட்சணம்தான்.

"சித்தப்பா, ஓடுங்க!" என்று செங்கமலம் கத்திவிட்டாள். பாழும் மனது, கேட்கவில்லை.

கொம்பையா ஒருதடவை திரும்பிப் பார்த்தார். மாசிலாமணி பென்சிலைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொம்பையா இடது பின்னங்காலைத் தூக்கினார், இழுத்து வைத்தார். மறுபடியும் தூக்கினார், இழுத்து வைத்தார். கடைசிவரை படிவத்தின்படியே நொண்டினார். சிறுத்தையாரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நொண்டினார். இருபத்தெட்டாவது தட்டில் விஷயம் முடிந்தது. குரங்குகள்கூடச் சிரிக்கவில்லை.

இரங்கல் தீர்மானத்தை வீணாக்க மனமில்லாமல், பேரை மட்டும் மாற்றி வாசித்தார்கள்.

செங்கமலத்தின் கால் ஆறவில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் அவள் முப்பத்தேழில் கடக்கிறாள். மிகை வேகம் என்று தாள் வருகிறது. சிறுத்தையார் படித்துப் பார்த்துக் கும்பிடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். மற்ற ஏழு பேரும் அறுபது தட்டுக்கு ஒன்று கூடாமல் குறையாமல் நொண்டுகிறார்கள். தண்ணீருக்குப் போகும்போதும் நொண்டுகிறார்கள், யாராவது பார்த்துவிடக் கூடாதே என்று. வேலப்பனுக்குப் பெண் கிடைத்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மருமகள் முதல் நாள் பத்து தட்டில் ஓடி வந்து நின்றாள். குயிலி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இது என்னம்மா பழக்கம்? முன்னால போறாங்களே உன் சின்ன மாமியார், அவங்க மட்டும்தான் இங்க ஓடலாம்" என்று சொல்லி, மூங்கில் புதருக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனாள்.

நீதி: நொண்டுவதென்றால் எல்லோரோடும் சேர்ந்து, சராசரியை ஒட்டியே நொண்டவும். ஓடும் உரிமை, நிஜமாகவே கால் போனவர்களுக்கு மட்டும்.